புதிய உழவு இயந்திரத்தின் முதற் பராமரிப்பு: திருத்தகத்தின் கவனக்குறைவும் கமக்காரர் செய்யவேண்டியவையும்

கமக்காரர் ஒருவர் தம் வாழ்நாளிற் செய்யும் பெருஞ் செலவுகளுள் உழவு இயந்திரம் வாங்குதலும் ஒன்றாகும். அதற்கான பணம் பெரும்பாலும் வங்கிக் கடனாகவோ நிதி நிறுவனமொன்றின் தவணைக் கடனாகவோ பெறப்படுகின்றது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், இயந்திரம் வயலில் ஓடினாலும் திருத்தகத்திற் கிடந்தாலும், தவணைப் பணம் குறித்த நாளிற் கட்டப்படல் வேண்டும். அன்றியும், உழவுக்குரிய நாட்கள் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. பெரும்போகத்தில் முதல் மழையோடும், சிறுபோகத்தில் குளத்து நீர் திறக்கப்படும் நாளோடும் உழவு தொடங்கிவிடல் வேண்டும். அவ்வேளையில் இயந்திரம் பத்து நாள் நின்றுவிட்டால் விதைப்புப் பிந்தும். பிந்திய விதைப்பினால் விளைச்சல் குறையும். கூலிக்கு உழுது கொடுப்பதாக அயலாருக்குச் சொன்ன சொல்லும் தவறிப்போகும்.

புதிய இயந்திரத்துக்கு உத்தரவாதம் உண்டு, ஆகையால் எல்லாவற்றையும் முகவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை பலரிடம் காணப்படுகின்றது. முகவர்களின் திருத்தகங்கள் பல நல்ல முறையில் வேலை செய்கின்றன என்பது உண்மையே. ஆயினும் போகம் தொடங்கும் காலத்தில் ஒரே நாளிற் பல இயந்திரங்கள் வந்து குவியும்போது, வேலை அவசரமாக முடிக்கப்படுவதும், பழகுநர் கையில் ஒப்படைக்கப்பட்டு மேற்பார்வையின்றி விடப்படுவதும் உண்டு. அவ்வாறு நேரும் பிழை திருத்தக வாசலில் வெளிப்படுவதில்லை; வயல் நடுவிலேயே வெளிப்படுகின்றது. அப்பிழைகள் எவை, அவற்றைக் கமக்காரர் தாமே கண்டறிவது எவ்வாறு, கண்டபின் என்ன செய்தல் வேண்டும் என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது. இங்கு கூறப்படுபவை நெற்செய்கையாளரின் நாற்சில்லு உழவு இயந்திரத்துக்கும், மரக்கறித் தோட்டங்களிற் பெரிதும் பயன்படும் இருசில்லு உழவு இயந்திரத்துக்கும் பொருந்தும்.

1. முதற் பராமரிப்பின் முக்கியத்துவம்

புதிய எஞ்சினின் உட்பாகங்கள் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றினும், அவற்றின் பரப்பில் மிக நுண்ணிய மேடுபள்ளங்கள் உள்ளன. எஞ்சின் ஓடத் தொடங்கிய முதல் மணித்தியாலங்களில் இம்மேடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. தேய்ந்த உலோகத் துகள்கள் எண்ணெயிற் கலக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை வடிகட்டி பிடித்துக்கொள்ளும். மிகுதி எண்ணெயோடு சுற்றி வந்து நல்ல பாகங்களையும் அராவும். புதிய எஞ்சினின் முதல் எண்ணெயை மற்றைய வேளைகளிலும் பார்க்க விரைவில் மாற்றவேண்டியதன் காரணம் இதுவே.

நாற்சில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றின் கைந்நூல்கள் முதற் பராமரிப்பை 50 மணித்தியாலத்திற் செய்யுமாறு கூறுகின்றன. இருசில்லு இயந்திரங்கள் சிலவற்றுக்கு இதனிலும் குறைந்த காலம் குறிக்கப்பட்டிருக்கும். எவ்வாறாயினும், தமது இயந்திரத்தின் கைந்நூலில் உள்ள கணக்கையே கமக்காரர் பின்பற்றல் வேண்டும். நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் உழுதால் 50 மணித்தியாலம் ஐந்தே நாளிற் கழிந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

மேலும், புதிய இயந்திரத்தின் நட்டுகளும் பட்டிகளும் முதல் ஓட்டத்தில் இருக்கை பிடித்துச் சற்றுத் தளர்கின்றன. அவற்றை மீண்டும் சரியான அளவுக்கு இறுக்குதலும் முதற் பராமரிப்பின் பகுதியேயாகும். எண்ணெய் மாற்றுவதோடு வேலை முடிந்ததென எண்ணுதல் தவறு.

2. கவனக்குறைவினால் நேரும் பிழைகள்

(அ) எண்ணெய் வடிகட்டி. பழைய வடிகட்டியைக் கழற்றும்போது அதன் இறப்பர் வளையம் சிலவேளைகளில் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனைக் கவனியாது புதிய வடிகட்டியைப் பூட்டினால், வளையங்கள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்றாக அமையும். திருத்தகத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது கசிவு தோன்றாதிருக்கலாம். பின்னர் எஞ்சின் விரைந்து ஓடி, எண்ணெயின் அமுக்கம் உயரும்போது வளையம் பிதுங்கி, சில நிமிடங்களில் எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடும். வடிகட்டியை மாற்றாமல், வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு மாற்றியதாக எழுதுவதும் உண்டு.

(ஆ) எண்ணெய் வடிக்கும் ஆணி. இது தளர்வாகப் பூட்டப்பட்டால் அதிர்ச்சியினாற் கழன்று விழும். அளவுக்கு மிஞ்சி இறுக்கப்பட்டால் புரி அழிந்து, அடுத்தமுறை கழற்றும்போது எண்ணெய்த் தொட்டியே பழுதாகும். ஆணியின் கீழுள்ள வாஷரை மாற்றாதுவிடின் சிறிது சிறிதாக எண்ணெய் கசியும்.

(இ) எண்ணெயின் அளவும் இனமும். எண்ணெய் குறைந்தாற் கேடு என்பதை யாவரும் அறிவர். கூடினாலும் கேடு என்பதைச் சிலரே அறிவர். அளவுக்கு மேற்பட்ட எண்ணெயைச் சுழலும் தண்டு அடித்து நுரையாக்கும். நுரைத்த எண்ணெய் பாகங்களுக்குச் சரியாகப் பாயாது. நீல நிறப் புகை எழும். அடைப்பு வளையங்களினூடாகக் கசிவும் ஏற்படும். எண்ணெயின் இனமும் கைந்நூலிற் கூறியவாறே இருத்தல் வேண்டும். நாற்சில்லு இயந்திரங்கள் பலவற்றில் பிறேக்குத் தட்டுகள் கியர்ப் பெட்டியின் எண்ணெயினுள்ளேயே மூழ்கி இயங்குகின்றன. அவற்றுக்குரிய தனி எண்ணெய்க்குப் பதிலாகச் சாதாரண கியர் எண்ணெயை ஊற்றினால் பிறேக்கு ஓசையிடும், நாளடைவிற் பழுதாகும்.

(ஈ) காற்று வடிகட்டி. புழுதி உழவில் எழும் தூசியில் நுண்மணல் உண்டு. அம்மணல் எஞ்சினுட் புகுமாயின் சிலிண்டரையும் பிஸ்ரன் வளையங்களையும் அரம்போல் அராவி, பல ஆண்டு உழைக்கவேண்டிய எஞ்சினை மிகக் குறுகிய காலத்திற் பயனற்றதாக்கிவிடும். எண்ணெய்க் கிண்ணமுள்ள வடிகட்டியைக் கழுவியபின் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்ற மறத்தல், கடதாசி வடிகட்டியை மிகுந்த அமுக்கமுள்ள காற்றினால் ஊதிக் கிழித்தல், குழாயைப் பிடிக்கும் பட்டியை இறுக்காது விடுதல் ஆகியன வழக்கமான பிழைகள். இரட்டை வடிகட்டியில் உள்ளேயிருக்கும் சிறிய வடிகட்டி ஊதிச் சுத்தம் செய்வதற்குரியதன்று. புதியதை இடுவதற்கே உரியது.

(உ) சில்லு நட்டுகள். சேற்றுழவுக்கு இரும்புச் சில்லும், தெருவோட்டத்துக்கு இறப்பர்ச் சில்லும் மாறிமாறிப் பூட்டப்படுவதால் நட்டுகள் தளர்வதற்கு இடமுண்டு. தளர்ந்த நட்டு துவாரத்தை அகலமாக்கி, ஈற்றில் ஆணியை முறித்துவிடும்.

(ஊ) பிறேக்கும் கிளச்சும். நாற்சில்லு இயந்திரத்தின் இடது, வலது பிறேக்குகள் தனித்தனி மிதிகளால் இயங்குவன. வயலில் திரும்புவதற்கு இவ்வமைப்பு உதவுகின்றது. தெருவில் இரு மிதிகளையும் ஒன்றாகப் பிணைத்து ஓட்டவேண்டும். ஆனால் இரண்டும் சமமாகச் சரிசெய்யப்படாதிருப்பின், பாரமேற்றிய பெட்டியோடு தெருவில் பிறேக்கை மிதித்ததும் இயந்திரம் ஒரு பக்கம் இழுத்துச் சாயும். இப்பிழை பணத்தோடு நில்லாது உயிருக்கும் உலை வைக்கும். கிளச்சு மிதிக்குரிய வெற்றசைவு இல்லாதிருப்பின் கிளச்சுத் தட்டு எந்நேரமும் வழுக்கித் தேயும்.

(எ) முன்னச்சும் கிறீஸ் இடுமிடங்களும். நான்கு சில்லுகளும் இழுக்கும் இயந்திரங்களில் முன்னச்சுக்கும் தனி எண்ணெய் உண்டு. சேற்றுழவில் முன்சில்லின் குடம் நீரினுள் அமிழ்வதால், அடைப்பு வளையம் பழுதுற்றால் நீர் உட்புகும். நீர் கலந்த எண்ணெய் பாலைப்போல வெண்மையாகத் தோன்றும். இந்த எண்ணெயைத் திறந்து பாராமலே "சரி" என அடையாளமிடுவது பெரும் பிழை. கிறீஸ் இடும் வாய்கள் சேற்றால் மூடப்பட்டிருப்பின் அவையும் தவறவிடப்படும்.

(ஏ) பட்டிகள். இருசில்லு இயந்திரத்தில் எஞ்சினின் வலு பட்டிகள் மூலமே கியர்ப் பெட்டிக்குச் செல்கின்றது. பட்டி தளர்ந்தால் வழுக்கி எரியும். மிக இறுக்கினால் தண்டின் பெயாரிங் தேயும்.

3. ஓர் எடுத்துக்காட்டு

கமக்காரர் இருவர் ஒரே வாரத்தில் ஒரேவகை இயந்திரத்தை வாங்கினர் என்று கொள்வோம். இருவருக்கும் ஒரே திருத்தகத்தில் முதற் பராமரிப்புச் செய்யப்பட்டது. இருவருடைய வடிகட்டியும் மேலே (அ)விற் கூறியவாறு பிழையாகப் பூட்டப்பட்டது.

முதலாமவர் திருத்தகத்தில் தந்த தாளிற் கையொப்பமிட்டு, இயந்திரத்தை நேரே வயலுக்குக் கொண்டுசென்றார். இரண்டாம் நாள் எண்ணெய் விளக்குச் சிவப்பாக எரிந்தது. அயலார் வயல்கள் காத்திருந்தமையால், மாலையிற் பார்ப்போம் என்று உழுதார். அரை மணித்தியாலத்துள் எஞ்சின் இறுகி நின்றது. பதைபதைப்பில் அயலிலுள்ள திருத்துநர் ஒருவரைக் கொண்டு வடிகட்டியைக் கழற்றினார். பின்னர் வந்த முகவரின் ஆள், விளக்கு எரிந்தபின்னும் ஓட்டியமையாலும், வெளியார் கை வைத்தமையாலும் உத்தரவாதம் செல்லாது என்றுரைத்தார். கமக்காரரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டாமவர் திருத்தகத்தைவிட்டு வெளியேறுமுன் எஞ்சினைச் சற்று விரைவாக ஓட்டி, நிறுத்தி, வடிகட்டியின் அடியைக் கையால் தடவிப் பார்த்தார். விரலில் எண்ணெய் பட்டது. திருத்துநரை அழைத்துக் காட்டினார். வளையம் இரண்டாயிருந்தமை அங்கேயே கண்டறியப்பட்டுப் பத்து நிமிடத்திற் சரிசெய்யப்பட்டது.

இருவருக்கும் நேர்ந்த பிழை ஒன்றே. ஒருவருக்குப் போகம் போயிற்று; மற்றவருக்குப் பத்து நிமிடமே போயிற்று. வேறுபாடு பார்த்துப் பொறுப்பேற்றதில் உள்ளது.

4. திருத்தகத்துக்குக் கொண்டுசெல்லுமுன்

முதற் பராமரிப்பு உழவின் நடுவில் வந்து விழாதவாறு முன்னரே திட்டமிடல் வேண்டும். இயந்திரத்தைப் போகத்துக்கு ஒரு மாதம் முன்னதாக வாங்கி, மேட்டுநில உழவிலும் இலகுவான வேலையிலும் முதல் மணித்தியாலங்களைக் கழித்து, மழைக்கு முன் பராமரிப்பை முடித்துக்கொள்வது சிறந்தது.

கைந்நூலில் முதற் பராமரிப்புக்கெனக் குறிக்கப்பட்ட வேலைகள் யாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்க. கைந்நூல் விளங்காத மொழியிலிருப்பின், வாங்கும்போதே முகவரிடம் தமிழில் விளக்கம் கேட்டு எழுதி வைத்தல் நன்று. ஓட்டத்திற் கண்ட குறைகளையும் அத்தாளிற் சேர்த்து, இரண்டு பிரதிகள் செய்துகொள்க. மணிமானி காட்டும் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்க.

இயந்திரத்தைக் கழுவிச் சேற்றை அகற்றுக. சேறு படிந்த இயந்திரத்திற் கசிவும் தெரியாது, கிறீஸ் வாயும் தெரியாது.

இதன்பின் அடையாளமிடல் வேண்டும். எண்ணெய் வடிகட்டி, எரிபொருள் வடிகட்டி ஆகியவற்றின்மேல் அழியாத மையினால் சிறு குறியொன்று இடுக. எண்ணெய் வடிக்கும் ஆணியிலும் சில்லு நட்டுகளிலும், ஆணியும் அது பொருந்தும் இடமும் சேருமாறு மெல்லிய கோடாகத் தீந்தை பூசுக. வடிகட்டி மாற்றப்பட்டிருப்பின் குறி இராது. ஆணி கழற்றப்பட்டிருப்பின் கோடு விலகியிருக்கும். கைத்தொலைபேசியினால் இவற்றைப் படம் பிடித்துக்கொள்வது நல்ல சான்றாகும்.

குறியிடுதல் ஏன் வேண்டுமெனின், டீசல் எஞ்சினின் எண்ணெய் மாற்றிய சிறிது நேர ஓட்டத்திலேயே கறுத்துவிடும். ஆதலின் எண்ணெயின் நிறத்தை மட்டும் கொண்டு, மாற்றப்பட்டதா இல்லையா எனப் பின்னர் தீர்மானித்தல் இயலாது. கறுத்த எண்ணெயைக் கண்டு திருத்தகத்தின்மீது பழி கூறுதலும் நீதியன்று.

5. திருத்தகத்தில்

எழுதிய தாளின் ஒரு பிரதியை ஒப்படைத்து, மற்றதில் பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் திகதியும் வாங்குக. வாய்ச்சொல்லாகக் கூறிய குறை, வேலை மேசைக்குப் போகுமுன் மறக்கப்படும்.

இயலுமாயின் வேலை நடக்குமிடத்துக்கு அருகில் நிற்பது நன்று. உள்ளே நிற்க அனுமதியில்லையெனின், வேலை தொடங்குமுன் திருத்துநரிடம், "தம்பி, கழற்றுகிற வடிகட்டிகளை எறிந்துவிடாமல் எனக்குத் தாரும்" என்று அமைதியாகக் கேட்டுவைத்தல் வேண்டும். பழைய பாகம் திரும்பத் தரப்படவேண்டும் என்றறிந்த திருத்துநர் அதனை மாற்றாமல் விடமாட்டார். எண்ணெய்ப் பாத்திரங்களின்மேல் எழுதியுள்ள இனத்தையும், எத்தனை இலீற்றர் ஊற்றப்பட்டது என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்க.

திருத்துநரோடு சினந்து பேசுதல் பயன் தராது. அவர் செய்யும் வேலையில் அக்கறையுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கின்றார் என்பதே போதிய காவலாகும்.

6. பொறுப்பேற்கும்போது செய்யவேண்டிய சோதனை

வேலை முடிந்தது என்று கூறப்பட்டதும் கையொப்பமிடாது, பின்வருவனவற்றை வரிசையாகப் பார்க்க. இதற்கு அரை மணித்தியாலமே செல்லும்.

(1) இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் சென்றபின் அளவுக் கம்பியைத் துடைத்து மீண்டும் இட்டு எடுக்க. எண்ணெய் இரு கோடுகளுக்கும் இடையில் நிற்றல் வேண்டும்.

(2) வடிகட்டிகளிலும் வடிக்கும் ஆணியிலும் இட்ட குறிகளைப் பார்க்க.

(3) காற்று வடிகட்டியைத் திறக்கச் செய்து பார்க்க. எண்ணெய்க் கிண்ணமுள்ளதாயின் குறித்த கோடுவரை எண்ணெய் இருத்தல் வேண்டும். குழாய்ப் பட்டிகளைக் கையால் அசைத்துப் பார்க்க.

(4) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேற்றரின் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்க்க. சூடாயிருக்கையில் திறந்தால் கொதிநீர் பாய்ந்து முகத்தை எரித்துவிடும்.

(5) சில்லு நட்டுகளை அளவு காட்டும் சாவியினால் இறுக்கிக் காட்டுமாறு கேட்க.

(6) முன்னச்சு எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் பார்க்க.

(7) எஞ்சினை இயக்குமுன் சாவியைத் திருப்புகையில் எண்ணெய் விளக்கு எரிதல் வேண்டும். இயங்கியதும் அணைதல் வேண்டும். முன்னரே எரியாத விளக்கு பழுதான விளக்காகும். அது ஆபத்தில் எச்சரிக்கை செய்யாது.

(8) எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, வடிகட்டியின் அடியையும் வடிக்கும் ஆணியையும் தடவிப் பார்க்க.

(9) இரு பிறேக்கு மிதிகளையும் பிணைத்து, ஆளில்லாத வெளியில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பார்க்க. இயந்திரம் நேராக நிற்றல் வேண்டும்.

இவையாவும் சரியாயின், பராமரிப்புப் புத்தகத்தில் திகதி, மணிமானி இலக்கம், திருத்தகத்தின் முத்திரை ஆகியன பதியப்பட்டிருத்தலைக் கண்டு கையொப்பமிடலாம். செய்யப்படாத வேலை ஏதும் இருப்பின், அதனை வேலைத்தாளில் எழுதியபின்னரே கையொப்பமிடல் வேண்டும். கட்டிய பணத்துக்குப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.

7. பின்னர் வரும் முதல் 10 மணித்தியாலங்கள்

பராமரிப்பின்பின் முதல் நாள் உழவு காவல் நாளாகும். காலையில் இயந்திரம் நின்ற இடத்து நிலத்தில் எண்ணெய்த் துளி உண்டா எனப் பார்க்க. வேலை நடுவே இரண்டொரு முறை நிறுத்தி எண்ணெய் மட்டத்தையும் சில்லு நட்டுகளையும் பார்க்க. எண்ணெய் விளக்கு எரியுமாயின், உழவுசாலின் நடுவிலேனும் எஞ்சினை அக்கணமே நிறுத்தல் வேண்டும். ஒரு சால் முடியட்டும் என்று பொறுப்பது எஞ்சினை விலையாகக் கொடுப்பதாகும்.

8. குறை காணப்பட்டால்

முதலாவது, இயந்திரத்தை ஓட்டாது நிறுத்துக. இரண்டாவது, முகவருக்கு அறிவிக்குமுன் வெளியாரைக் கொண்டு எதனையும் கழற்றாதொழிக. மூன்றாவது, கசிவு, குறி, மணிமானி ஆகியவற்றைப் படம் பிடித்து, அயலவர் ஒருவரையோ இருவரையோ பார்க்கச் செய்க. நான்காவது, தொலைபேசியில் அறிவித்து, அறிவித்த நாளையும் நேரத்தையும் எழுதிவைக்க. ஐந்தாவது, அன்றைக்கோ மறுநாளோ எழுத்தில் அறிவிக்க. தொலைபேசியிற் பேசியது காற்றோடு போகும். பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் நிலைத்து நிற்கும். கடிதத்தின் பிரதியையும் தபாற் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துக. தவணைக் கடனில் வாங்கியவர்கள் நிதி நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புதல் நன்று.

கடிதத்தில் வசையும் வேண்டா, நீண்ட கதையும் வேண்டா. பின்வரும் மாதிரியைப் பின்பற்றலாம்.

"முகாமையாளர் அவர்களுக்கு,
ஐயா,
........ இலக்க எஞ்சினும் ........ இலக்க அடிச்சட்டமும் உடைய உழவு இயந்திரத்தை ........ ஆந் திகதி தங்களிடம் வாங்கினேன். மணிமானி ........ காட்டியபோது, ........ ஆந் திகதி தங்கள் திருத்தகத்தில் முதற் பராமரிப்புச் செய்யப்பட்டது. அதன்பின் ........ மணித்தியாலம் ஓடிய நிலையில் பின்வரும் குறை காணப்பட்டது: ........ . குறை கண்டவுடன் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். வேறெவரும் அதில் கை வைக்கவில்லை. வேலைத்தாளின் பிரதியும் படங்களும் இத்துடன் உள.
உழவு நாட்கள் கடந்துகொண்டிருப்பதால், ........ ஆந் திகதிக்கு முன் தங்கள் திருத்துநரை அனுப்பி, பணம் பெறாது இக்குறையைச் சீர்செய்து தருமாறும், செய்த வேலையை எழுத்தில் தருமாறும் வேண்டுகின்றேன்.
இங்ஙனம்,
........"

திருத்துநர் வந்து வேலை செய்தால், என்ன குறை கண்டார், என்ன செய்தார் என்பதை எழுதி வாங்கல் வேண்டும். அதே குறை மீண்டும் தோன்றின் இத்தாளே பெருந் துணையாகும். முகவர் பதிலளியாதிருப்பின், அவ்வியந்திரத்தை நாட்டுக்குக் கொண்டுவந்த தலைமை நிறுவனத்துக்கு அதே கடிதத்தின் பிரதியை அனுப்புக.

9. சட்டம் தரும் பாதுகாப்பு

விற்கப்படும் பொருளின் தரம் பற்றிய விதிகள் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ளன. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் மேலும் ஒருபடி சென்றுள்ளது. அதன்படி, சேவையொன்றை வழங்கும் வர்த்தகர் அதனை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்துதருவார் என்பதும், அதற்கு இடும் பொருட்கள் அவ்வேலைக்குத் தகுந்தவையாயிருக்கும் என்பதும், எழுத்தில் இல்லாவிடினும், உடன்படிக்கையில் அடங்கிய உத்தரவாதமாகும். ஆகவே முதற் பராமரிப்பைக் கவனமாகச் செய்யுமாறு கேட்கும் கமக்காரர் சலுகை கேட்கவில்லை. தமது உரிமையையே கேட்கின்றார்.

முகவரிடம் நீதி கிட்டாவிடின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு செய்யப்படல் வேண்டும் என்பதைக் கவனித்தல் வேண்டும். "அறுவடை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று காலந்தாழ்த்துவோர் இவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றனர். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977 ஆகும். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளின் மூலமும் இணக்கம் காண முயலலாம். எங்கு சென்றாலும் முதலிற் கேட்கப்படுவது எழுத்துச் சான்றே.

10. கமக்காரரின் கடமை

குறை எப்போதும் திருத்தகத்தினது என்று கொள்ளலாகாது. 50 மணித்தியாலத்திற் செய்யவேண்டியதை 120 மணித்தியாலம்வரை தள்ளிப்போடுதல், திறந்த பீப்பாவில் வைத்த நீர் கலந்த டீசலை ஊற்றுதல், நாள்தோறும் எண்ணெய் மட்டம் பாராதிருத்தல், புதிய எஞ்சினை முதல் நாளிலேயே முழுப் பாரத்தில் நாள்முழுதும் ஓட்டுதல், பழக்கமில்லாதவரிடம் இயந்திரத்தைக் கொடுத்தல் ஆகியவற்றால் வரும் பழுதுக்கு முகவர் பொறுப்பாகார். கைந்நூலிற் கூறாத பாகங்களைப் பொருத்துவதும் உத்தரவாதத்தை இழக்கச் செய்யும். தம் பக்கத்துக் கடமையைச் செய்து, அதனை நாட்குறிப்பில் எழுதிவைத்தவருடைய முறைப்பாடே வலுவுடையதாகும். ஒரு சிறு கொப்பியில் நாள், ஓடிய மணித்தியாலம், ஊற்றிய எண்ணெய், கண்ட குறை ஆகியவற்றைப் பதிந்து இயந்திரத்தின் பெட்டியிலேயே வைத்திருத்தல் போதுமானது.

சுருக்கம்

முதற் பராமரிப்பைக் கைந்நூலிற் குறித்த மணித்தியாலத்திற் செய்விக்க.
கொண்டுசெல்லுமுன் கழுவி, குறியிட்டு, வேலைகளை எழுதிக்கொள்க.
பழைய வடிகட்டிகளைக் கேட்டு வாங்குக.
சோதித்தபின்னரே கையொப்பமிடுக.
எண்ணெய் விளக்கு எரிந்தால் அக்கணமே நிறுத்துக.
குறை கண்டால் கழற்றாது, எழுத்தில் அறிவிக்க.
மூன்று மாத எல்லையைத் தவறவிடாதொழிக.

மேலதிக விளக்கம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம்.